கொட்டகை மண்ணில் ஆணி தேட எத்தனை அங்குல காயில்?

பழைய தகரக் கொட்டகையைப் பிரித்த இடத்தில் தீவனச்சோளம் விதைக்கும் தருமபுரி விவசாயிகள் முதலில் அந்த மண்ணில் கிடக்கும் ஆணி, கட்டுக்கம்பித் துண்டுகளை எடுத்துவிட வேண்டும். மாடு தீவனத்தை நன்றாக மெல்லாமல் விழுங்கும். கூடவே போகும் கம்பி, இரண்டாவது இரைப்பையில் தங்கிவிடும். அதற்கு முன்னால்தான் இதயம் இருக்கிறது. கம்பி குத்திவிட்டால் மாடு தீவனம் எடுக்காது, பால் குறையும், உயிரும் போகலாம்.

மேலே கிடக்கும் இரும்பைப் பொறுக்க, காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தாலே போதும். மண்ணுக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்கத்தான் மெட்டல் டிடெக்டர் தேவை. அதை வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், கருவியின் அடியில் இருக்கும் காயிலின் அளவைக் கவனியுங்கள்.

5 முதல் 6 அங்குலம்: சிறு ஆணியையும் கம்பித் துண்டையும் தனித்தனியாகக் காட்டும். இரும்புத் தூண், வேலிக்கம்பி ஓரத்திலும் தேடலாம். கொட்டகை மண்ணுக்கு இதுவே ஏற்றது.

8 முதல் 11 அங்குலம்: திறந்த வயலில் வேலை சீக்கிரம் முடியும். தொலைந்த கொழுமுனை, அரிவாள் தேட உதவும்.

13 அங்குலத்துக்கு மேல்: ஆழத்தில் புதைந்த இரும்புக் குழாயைக் காட்டும். ஆனால், சிறு ஆணியைத் தவறவிடும். கையும் வலிக்கும்.

நாணயம் அளவுள்ள பொருள், ஏறக்குறைய காயிலின் விட்டம் அளவு ஆழம் வரை தெரியும். ஆணி என்றால் இன்னும் குறையும். நம் செம்மண்ணில் இரும்புச்சத்து இருப்பதால், பெரிய காயில் மண்ணுக்கே வீணாகச் சத்தம் போடும். 'டபுள் டி' வகை காயிலில் இந்தத் தொல்லை குறைவு.

கடையில் காற்றில் காட்டும் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் நிலத்தில் 2, 4, 6 அங்குல ஆழங்களில் ஆணியைப் புதைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தேடும்போது காயிலைத் தரையை ஒட்டி மெதுவாக வீசுங்கள். முதல் வீச்சின் பாதி மேல் அடுத்த வீச்சு வர வேண்டும்.

இந்தக் கருவி பி.வி.சி. குழாயையும் நிலத்தடி நீரையும் காட்டாது. 'பெரிய காயில் போட்டால் பத்தடி ஆழத்துப் புதையல் தெரியும்' என்று பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். 10 ரூபாய் மதிப்புக்கு மேல் புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். நடுகல், பழைய ஈமக்குழி உள்ள இடங்களில் தோண்டவே கூடாது.

மாடு திடீரென்று தீவனம் எடுக்காமல், முதுகை வளைத்து நின்றால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கொட்டகை பிரித்த விவரத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.