இரைப்பை இல்லாமல் உண்பது எப்படி?



காவிரிக் கரையில் குடியிருப்பவர்களுக்கு அணையின் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மேற்கே எவ்வளவு மழை பெய்தாலும் மேட்டூர் அணை அதை வாங்கி வைத்துக்கொண்டு மதகு வழியே அளவாக விடுகிறது. 2022 ஆகஸ்டில் அணை நிரம்பி, வந்த நீரெல்லாம் அப்படியே வெளியேறியபோது, நமது குமாரபாளையத்தின் கரையோர வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. தண்ணீர் அதே தண்ணீர்தான். வந்த வேகம்தான் வேறு.

நம் உடலுக்குள்ளும் அத்தகைய அணை ஒன்று உண்டு. அதுதான் இரைப்பை. உணவு முழுவதும் அங்கேயே செரிக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் செரிமானத்தின் பெரும்பகுதியும், சத்துகளை உறிஞ்சும் வேலையும் சிறுகுடலில்தான் நடைபெறுகின்றன. உண்டதை வாங்கி வைத்து, கூழாகக் கடைந்து, சிறிது சிறிதாக இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் குடலுக்குள் விடுவதே இரைப்பையின் முக்கியப் பணி. அதன் அடிவாயிலில் உள்ள தசை வளையம் மதகு போல் திறந்து மூடுகிறது.

இரைப்பையில் புற்றுநோய் வந்தால் அதன் ஒரு பகுதியையோ முழுவதையுமோ வெட்டி எடுக்க நேரிடலாம். 1881இல் வியன்னாவில் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர் ஒரு பெண்ணின் இரைப்பையில் ஒரு பகுதியை வெற்றிகரமாக நீக்கினார். 1897இல் சூரிச் நகரில் ஷ்லாட்டர் முழு இரைப்பையையும் எடுத்துவிட்டு, உணவுக்குழாயைச் சிறுகுடலுடன் இணைத்தார். அந்த நோயாளி ஓராண்டுக்கு மேல் உயிர் வாழ்ந்தார். இரைப்பை இல்லாமலும் மனிதன் வாழலாம் என்று உலகம் அப்போது அறிந்தது.

தமிழ்நாட்டுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. அந்நிலையம் 1980களில் சென்னை நகரின் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியபோது, ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. பெரும்பாலும் முதியவர்களுக்கே இது வருகிறது.

அறுவை முடிந்து ஓர் அப்புச்சி வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்க்க வரும் உறவினர் கையில் சாத்துக்குடியும் குளுக்கோஸ் டப்பாவும் இருக்கும். "தெம்பு வரட்டுமுங்க" என்று ஒரு டம்ளர் கரைத்துக் கொடுக்கிறார்கள். கால் மணி நேரம் ஆவதற்குள் அவருக்கு நெஞ்சு படபடக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, தலை சுற்றி, வயிற்றைப் புரட்டி, பேதியாகிறது. நோய் திரும்பிவிட்டதோ என்று வீடே கலங்குகிறது. இது நோயன்று, பெரும்பாலும் இயற்பியல்!

எலுமிச்சங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடியில் நீர் ஊறி நிற்கிறதல்லவா? செறிவு குறைந்த இடத்திலிருந்து செறிவு மிகுந்த இடத்துக்குச் சவ்வின் வழியே நீர் செல்கிறது. இதுதான் சவ்வூடு பரவல். குடலின் சுவரிலும் இதுவே நிகழ்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். இரத்தத்துக்கு நிகரான செறிவுடைய குளுக்கோஸ் கரைசல் சுமார் 5 சதவீதம். அதாவது 100 மி.லி.யில் 5 கிராம். அப்புச்சி குடித்ததோ 200 மி.லி. நீரில் 50 கிராம், 25 சதவீதம். இது இரத்தத்துக்கு நிகராக வேண்டுமானால் 1000 மி.லி. ஆக வேண்டும். மீதி 800 மி.லி. எங்கிருந்து வரும்? இரத்தத்திலிருந்துதான்! குடல் இதற்கிடையே சர்க்கரையை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அவ்வளவும் வந்துவிடாது. ஆயினும் உடலில் உள்ள மொத்த இரத்தமே சுமார் 5 லிட்டர்தான். அதிலிருந்து கால் லிட்டர் நீர் சட்டென்று குடலுக்குள் இறங்கினாலும் இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கும். குடல் திடீரென உப்புவதால் சுரக்கும் சில ஹார்மோன்களும் சேர்ந்துகொள்கின்றன. மருத்துவர்கள் இந்நிலையை 'டம்பிங்' என்பார்கள். உங்களுக்கும் எனக்கும் இது நேராததற்குக் காரணம், கரைசல் செறிவாக இருந்தால் இரைப்பையின் மதகு தானே மெதுவாகத் திறப்பதுதான்.

சரி, அதே 50 கிராமைச் சோறாகக் கொடுத்தால்? இங்கேதான் வேடிக்கை. சவ்வூடு பரவல் அழுத்தம், கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததன்று. ஒரு மாவுச்சத்து மூலக்கூற்றில் ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் மணிமாலைபோல் கோக்கப்பட்டுள்ளன. ஆயிரம் மணி கோத்தாலும் மாலை ஒன்றுதானே! கணைய நீர் அந்த மாலையை அறுக்க அறுக்கத்தான் மணிகள் உதிரும். ஆகவே இட்லியும் குழைந்த சோறும் முட்டையும் குடலுக்கு இதமானவை. பாயசமும் கரும்புச்சாறும் பகை.

வேளைகள் சிறியவையாக, நாளுக்கு ஆறு முதல் எட்டு இருக்க வேண்டும். உணவுடன் நீரைக் குடிக்காமல் அரைமணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். கடைந்து தர இரைப்பை இல்லாததால் அந்த வேலையும் பற்களுக்கே. நன்றாக மென்று தின்ன வேண்டும். உண்டவுடன் மல்லாந்து படுத்தால் பித்தநீர் மேலேறி நெஞ்சு எரியும். அரை இட்லியோடு கையைக் கழுவும் பெரியவரிடம், "ஏன் சாப்பிடமாட்டேன் என்கிறீர்கள்?" என்று கோபிப்பது நியாயமில்லை. இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் தட்டை வைப்பதே வழி.

முதியவர்களிடம் இன்னொரு சிக்கல், தசை. படுக்கையில் கிடக்கும்போது அது விரைவில் கரைகிறது. இத்தகையோருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் கிடைப்பது 2 கிராம் அளவே! நோயாளி என்றால் கஞ்சி என்ற நம் வழக்கம் இங்கே பொருந்தாது. முட்டை ஒன்றில் 6 கிராம் இருக்கிறது. தயிர், மீன், மசித்த பருப்பு ஆகியவையும் உதவும். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். சிறிது நடக்கவும் வேண்டும். நடக்காத காலில் புரதம் தசையாக மாறுவதில்லை. வாயால் போதிய அளவு உண்ண முடியாதவர்களுக்குச் சிறுகுடலில் மெல்லிய குழாய் வைத்து உணவு செலுத்துவதும் உண்டு.

கடைசியாக, பி12 என்ற உயிர்ச்சத்து. 1920களின் இறுதியில் பாஸ்டனில் காசில் என்ற மருத்துவர் விந்தையான சோதனை ஒன்றைச் செய்தார். நல்ல உடல்நிலையில் உள்ளவரை இறைச்சி உண்ணச் செய்து, ஒரு மணி நேரம் கழித்து அதை அவர் இரைப்பையிலிருந்து வெளியே எடுத்து, கொடிய இரத்தசோகை நோயாளிகளுக்குக் குழாய் வழியே செலுத்தினார். (முகம் சுளிக்காதீர்கள்!) வெறும் இறைச்சியால் குணமாகாதவர்கள் இதனால் தேறினார்கள். இரைப்பை சுரக்கும் ஏதோ ஒரு பொருள் இல்லாமல் இறைச்சியிலுள்ள சத்து உடலில் சேராது என்பது புலனாயிற்று. அந்தச் சத்தே பி12. 1956இல் அதன் மூலக்கூறு அமைப்பை எக்ஸ் கதிர்களால் கண்டறிந்தவர் டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார்.

முழு இரைப்பையும் நீக்கப்பட்டவருக்கு அந்தச் சுரப்பு இல்லை. ஆனால் கல்லீரலில் சுமார் 2 முதல் 3 மில்லிகிராம் பி12 சேமிப்பில் இருக்கும். நாளொன்றுக்குத் தேவை 2 மைக்ரோகிராம் அளவே. வகுத்துப் பாருங்கள்: மூன்று நான்கு ஆண்டுகள் வரை வெளியே ஒன்றும் தெரியாது! அதனால்தான், "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று பலர் ஊசியை விட்டுவிடுகிறார்கள். பிறகு பாதம் மரத்து, சோகை பிடித்து, நினைவு தடுமாறும்போது வீட்டார் அதை வயதின்மேல் போட்டுவிடுகிறார்கள். மருத்துவர் குறித்த இடைவெளியில், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, அந்த ஊசியை வாழ்நாள் முழுவதும் போட்டுக்கொள்ள வேண்டும்.