நல்ல மீனைத் தேர்தல்

இல்லத்தின் ஒரு பக்கத்தில் வைக்கப்பெற்ற கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன்கள் அசைந்து திரியும் காட்சி கண்ணுக்கு விருந்தாகும். நாள் முழுதும் உழைத்துக் களைத்தவரும் அதன் எதிரே சிறிது நேரம் அமர்ந்திருந்தால் களைப்பு நீங்கப் பெறுவர். ஆயினும், ஆவலோடு வாங்கி வந்த மீன் ஒரு வாரத்திற்குள் மடிந்து மிதப்பதைக் கண்டு கண்ணீர் விடும் சிறுவர் பலர். தம் வளர்ப்பில் ஏதோ குறை நேர்ந்ததென்று அவர்கள் தம்மையே நொந்துகொள்வர். பல வேளைகளில் குறை வளர்ப்பில் இல்லை. நோயுற்ற மீனை நோயற்றதென்று நம்பி வாங்கியதிலேயே உள்ளது. ஆதலின், மீனை வளர்க்கக் கற்பதற்கு முன் நல்ல மீனைத் தேரக் கற்றல் வேண்டும்.

தொட்டியில் வளர்க்கப்பெறும் மீன்களுள் அழகாலும் பெருமிதமான நடையாலும் சிறந்து விளங்குவது ஏஞ்சல் மீன். இது சிக்லிட் என்னும் பெருங்குடும்பத்தைச் சார்ந்தது. இக்குடும்பத்து மீன்கள் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மிகுதியாக வாழ்கின்றன. கேரளத்துக் காயல்களில் வாழும் கரிமீனும், 1952ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பெற்று ஏரி குளங்களில் பெருகிவிட்ட ஜிலேபிக் கெண்டையும் இதன் உறவினங்களே. மீன்கள் பெரும்பாலானவற்றிற்கு முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூக்குத் துளைகள் உண்டு. சிக்லிட் மீன்களுக்கோ பக்கத்திற்கு ஒன்றே உண்டு.

ஏஞ்சல் மீனின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையாகும். இதன் இனத்திற்கு அறிவியலார் டெரோஃபில்லம் என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் அதற்குச் சிறகுள்ள இலை என்பது பொருள். பெயருக்கேற்ப இதன் உடல் இலைபோல் தட்டையானது. நீர்ச்செடிகளின் தண்டுகளுக்கும் மரவேர்களுக்கும் இடையே எளிதில் நுழைந்து செல்ல வல்லது. உடலில் மேலிருந்து கீழாக ஓடும் கரிய பட்டைகள் அத்தண்டுகளின் நிழலோடு கலந்து மீனை மறைத்துக் காக்கின்றன.

இன்று கடைகளில் காணப்படும் ஏஞ்சல் மீன்களுள் பெரும்பாலானவை அமேசானிலிருந்து பிடித்து வரப்பட்டவை அல்ல. பண்ணைத் தொட்டிகளில் பிறந்தவை. சென்னையை அடுத்து வளர்ந்த கொளத்தூர்ப் பகுதியில் வண்ண மீன் வளர்ப்பும் விற்பனையும் பலருக்குப் பிழைப்பாக உள்ளன. கருத்துள்ள வளர்ப்பாளர் நல்ல தாய் தந்தை மீன்களைத் தெரிந்து குஞ்சு பெறுவர். அக்கருத்தின்றி நெருங்கிய உறவுடைய மீன்களையே தலைமுறை தலைமுறையாக இணைத்தால், பிறக்கும் குஞ்சுகளில் ஊனமுற்றவை மிகும். ஆகவே வாங்குவோரின் கண் கூர்மையாக இருத்தல் வேண்டும்.

கடைக்குச் சென்றவர் முதலில் மீனைப் பாராது தொட்டியைப் பார்த்தல் வேண்டும். நீர் கலங்கி நாறினாலும், செத்த மீன் ஒன்று அதில் கிடந்தாலும், அத்தொட்டியிலுள்ள எதனையும் வாங்கலாகாது. அடுத்துச் சிறிது நேரம் அசையாது நின்று மீன்களின் நடையை நோக்குதல் வேண்டும். நலமுள்ள மீன் துடுப்புகளை விரித்து நிமிர்ந்து நீந்தும். தன் கூட்டத்தோடு கலந்திருக்கும். துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு மூலையில் தனித்து நிற்பது நோயின் அறிகுறியாகும். கற்களிலும் செடிகளிலும் உடலைத் தேய்ப்பதும் அத்தகையதே.

அதன்பின் மூச்சை நோக்குதல் வேண்டும். இரு செவுள்களும் ஒரே சீராக அசைதல் நன்று. நீர்மட்டத்தில் வாய் திறந்து விரைந்து மூச்சு வாங்கும் மீனை விலக்குக. செவுள்மூடி சுருண்டோ குறைந்தோ இருப்பின், உள்ளிருக்கும் சிவந்த செவுள் வெளியே தெரியும். அது பிறவிக் குறையாகலாம்.

உடல் வட்டமாய்த் திரண்டிருத்தல் வேண்டும். வயிறு ஒட்டியிருப்பதும், தலைக்குப் பின்னுள்ள தசை வற்றியிருப்பதும் நெடுநாள் பட்டினியையோ குடலில் வாழும் ஒட்டுண்ணியையோ காட்டும். உடலுக்குப் பொருந்தாமல் கண்கள் மிகப் பெரியனவாகத் தோன்றின், அம்மீன் வளர்ச்சி குன்றியதென்று கொள்ளலாம். கண்கள் தெளிவாகவும், வயிற்றின்கீழ்த் தொங்கும் நூல்போன்ற துடுப்புகள் இரண்டும் வளைவின்றி ஒத்த நீளத்துடனும் இருத்தல் நல்ல மீனின் இலக்கணம். உப்புத் தூவியதுபோன்ற வெண்புள்ளிகள் உடலில் தென்பட்டால் உடனே விலகுக. அப்புள்ளிகளிலுள்ள நுண்ணுயிர் தொட்டியின் அடியில் விழுந்து பலவாகப் பெருகி, மற்ற மீன்களையும் பற்றிக்கொள்ளும்.

வண்ணத்தை மட்டும் நம்பித் தேர்வது தவறு. அச்சத்தாலும் ஒளி மாற்றத்தாலும் ஏஞ்சல் மீனின் பட்டைகள் வெளுப்பதும் கறுப்பதும் இயல்பு. உண்ணும் ஆவலே நலத்தின் நம்பத்தக்க சான்று. கடைக்காரரிடம் சிறிது உணவு இடச் சொல்லி, எம்மீன் விரைந்து வந்து உண்கிறது என்று பார்த்தல் நலம்.

நலிந்த மீனைக் கண்டு இரக்கம் கொள்வது இயல்பே. ஆயினும், அதனை வாங்கி வந்து வீட்டுத் தொட்டியில் விட்டால், நலமாயிருந்த மீன்களும் அந்நோய்க்கு இரையாகலாம். ஓர் உயிரிடம் காட்டும் இரக்கம் பல உயிர்களுக்குக் கேடாக முடிதல் தகாது.

நன்கு ஆராய்ந்து வாங்கிய மீனையும் உடனே பழைய மீன்களோடு சேர்த்தலாகாது. அது வந்த பையைத் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டால் இரு நீரின் வெப்பமும் ஒன்றாகும். பின்னர்ப் பை நீரைத் தொட்டியில் ஊற்றாது மீனை மட்டும் விடுதல் வேண்டும். குறைந்தது இரண்டு வாரமேனும் அதனைத் தனித் தொட்டியில் வைத்துக் காத்தல் வேண்டும். கடையில் மறைந்திருந்த நோய் அக்காலத்தில் வெளிப்பட்டுவிடும்.

நாணய அளவில் வாங்கும் குஞ்சு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளம் வளரும். துடுப்புகளோடு அதன் உயரம் நீளத்தையும் விஞ்சும். ஆதலின் அதற்கு உயரமான தொட்டி தேவை. இளமையில் ஆண் பெண் வேறுபாடு தெரியாது. ஐந்தாறு குஞ்சுகளை ஒன்றாக வளர்த்தால், அவை தாமே இணையைத் தெரிந்துகொள்ளும். இணைந்த மீன்கள் அகன்ற இலையொன்றைத் தூய்மை செய்து அதன்மேல் முட்டையிட்டு, இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக் காக்கும்.

கடையில் அரை மணி நேரம் பொறுமையோடு நின்று தேர்ந்தவர்க்கு இவ்வரிய காட்சி ஒரு நாள் தம் இல்லத்திலேயே கிட்டும். மீன் வெறும் அணிகலன் அன்று, உயிர். அழகு கண்டு மயங்காது நலம் கண்டு தேர்தலே அவ்வுயிரைப் பேணுவதன் முதற்படியாகும்.