வைத்தியசாலைக் கழிவு நமது வீட்டுக் குப்பைப் பையிலும் இருக்கிறது

2019 ஆம் ஆண்டு கொழும்புத் துறைமுகத்தில் கிடந்த கொள்கலன்கள் பற்றிய செய்தி வெளியானபோது நாடே கொதித்தது. பாவித்த மெத்தைகள் என்ற பெயரில் பிரித்தானியாவிலிருந்து வந்தவற்றில் வைத்தியசாலைக் கழிவுகளும் கலந்திருந்ததே அதற்குக் காரணம். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. மொத்தம் 263 கொள்கலன்கள் திருப்பி அனுப்பப்பட்டன. இறுதித் தொகுதி 2022 பெப்ரவரியில் புறப்பட்டது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், அதே வகைக் கழிவை நாமும் வாசலில் வைக்கும் குப்பைப் பையில் போட்டு வருகிறோம். அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

வைத்தியசாலைகளுக்கு இது தொடர்பில் ஒழுங்குவிதிகள் உள்ளன. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 இல் வெளியான விதிகள் சுகாதாரக் கழிவை விசேட அனுமதியுடன் கையாள வேண்டிய கழிவாக வகைப்படுத்துகின்றன. தொற்றுள்ள கழிவுக்கு மஞ்சள் நிறப் பை, ஊசி மற்றும் பிளேட்டுகளுக்குச் சிவப்புக் கோடிட்ட மஞ்சள் பெட்டி என நிறக் குறியீடும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, சுகாதார நிலையங்களில் சேரும் கழிவில் சுமார் 85 சதவீதம் சாதாரண குப்பைதான். ஆபத்தானது சுமார் 15 சதவீதம். அதைத் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டால் சிறிய அளவை மட்டும் கவனித்தால் போதும். கலந்துவிட்டால் முழுக் குப்பையும் ஆபத்தானதாகிவிடும்.

இன்று சிகிச்சையின் ஒரு பகுதி வீட்டுக்கே வந்துவிட்டது. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஏற்றும் ஊசி, இரத்தச் சீனி பார்க்கும் சிறு ஊசி, புண்ணுக்குக் கட்டிய துணி, படுக்கையில் இருப்பவரின் சிறுநீர்க் குழாய் எனப் பலவும் சமையலறைக் குப்பையோடு சேர்கின்றன. அந்தப் பையை அடுத்ததாகத் தொடுபவர் நகர சபையின் அல்லது பிரதேச சபையின் சுத்திகரிப்புத் தொழிலாளி. அவரது கையில் தரமான கையுறைகூட இருப்பதில்லை. நோயுள்ள ஒருவருக்குப் பாவித்த ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் சாத்தியம் ஹெபடைடிஸ் பி நோய்க்கு 30 சதவீதம், ஹெபடைடிஸ் சி நோய்க்கு 1.8 சதவீதம், எச்.ஐ.வி.க்கு 0.3 சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. பையைக் கிழிக்கும் நாய்களும், குப்பையில் விளையாட்டுப் பொருள் தேடும் பிள்ளைகளும் இதே ஆபத்தில்தான் இருக்கின்றனர்.

அந்தப் பை போய்ச் சேரும் இடத்தையும் நாம் அறிவோம். அஷ்ரப் நகரை அண்டிய பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் காட்டு யானைகள் பொலித்தீனோடு சேர்த்துக் கழிவை உண்ணும் படங்கள் உலகம் முழுவதும் பரவின. திறந்த குப்பைமேட்டில் எதுவும் மறைந்துவிடுவதில்லை.

மருந்துகளின் கதை வேறு. வீட்டில் ஒருவர் மௌத்தானதும் மிஞ்சிய மாத்திரைகளைச் சிலர் மலசலகூடத்தில் கொட்டுகின்றனர். கரையோர ஊர்களின் மணல் நிலத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே இருப்பதால், குழியில் கலந்தது நிலத்தடி நீருக்கு வர அதிக காலம் எடுக்காது. அன்டிபயோட்டிக் மருந்துகள் இவ்வாறு சூழலில் கலக்கும்போது, அவற்றுக்கு அடங்காத கிருமிகள் உருவாக வழி பிறக்கிறது. இன்னும் சிலர் அவற்றை உதவியாக அயலவருக்குக் கொடுக்கின்றனர். நோக்கம் நல்லதுதான். ஆனால் வைத்தியர் ஒருவருக்கு எழுதிய மருந்து இன்னொருவருக்கு நஞ்சாகலாம். முற்றத்தில் எரிப்பதும் தீர்வல்ல. மருத்துவக் கழிவை எரிக்கும் உலைகளுக்கு 850 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. குறைந்த வெப்பத்தில் பிளாஸ்டிக் எரிந்தால் டயொக்சின் எனும் நச்சுப் பொருள் வெளியாகும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போடுங்கள். சலவைத் திரவம் வந்த, மூடி திருகும் போத்தல் பொருத்தமானது. பாவித்த ஊசிக்கு மீண்டும் மூடி போட முயல வேண்டாம். முக்கால் பங்கு நிரம்பியதும் இறுக மூடி, செலோடேப் ஒட்டி, "ஊசி, திறக்க வேண்டாம்" என எழுதுங்கள். அடுத்த கிளினிக் நாளில் அதை எங்கே ஒப்படைப்பது என்று தாதியரிடம் கேளுங்கள். யாருக்காவது ஊசி குத்திவிட்டால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும்.

காலாவதியான மாத்திரைகளைப் பாமசியில் பொறுப்பேற்பார்களா என்று முதலில் விசாரியுங்கள். வழி இல்லையென்றால், அவற்றை உறையிலிருந்து எடுத்து, தேயிலைச் சக்கை அல்லது மண்ணுடன் கலந்து, பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடலாம். பிள்ளையோ ஆடு மாடோ வாயில் வைக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் ஒருபோதும் நெருப்பில் போடாதீர்கள். அது வெடிக்கும்.

தனி வீடுகளின் கவனம் மட்டும் போதாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, உள்ளூராட்சி மன்றம், ஊர்ப் பாமசிகள் ஆகியன கூடிப் பேசி, ஊருக்கு ஒரு சேகரிப்புப் பெட்டியாவது வைக்க வேண்டும். சேர்வதை வைத்தியசாலையின் கழிவோடு சேர்த்து அகற்ற முடியும். பள்ளிவாசல் நிருவாகங்கள் இந்தக் கோரிக்கையை முன்வைத்தால் காரியம் விரைவாக நடக்கும்.

வேறொரு நாட்டின் கழிவு நமது துறைமுகத்துக்கு வந்ததை நாம் அநீதி என்றோம். நமது வீட்டு ஊசி இன்னொருவரின் விரலில் ஏறுவதற்கும் அதே பெயர்தான்.