ரெடிஸ் நினைவகத் தரவுத்தேக்கத்தில் தமிழ்த் திறவுகோல்கள்: உறைநிரலின் பொறுப்பு

தட்டச்சுச் செய்யப்பெற்ற நூல்களிலிருந்து சொல்லடைவு உருவாக்கும்போது, ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வந்துள்ளது என்பதை விரைந்து எண்ண வேண்டியுள்ளது. இப்பணிக்கு ஏற்றது ரெடிஸ். இத்தாலிய நிரலாளர் சால்வதோரே சான்ஃபிலிப்போ 2009ஆம் ஆண்டு வெளியிட்ட இத்தரவுத்தேக்கம், தரவை வட்டில் தேடாமல் நினைவகத்திலேயே வைத்துக்கொள்கிறது. சொல்லைத் திறவுகோலாகக் கொடுத்தால் அதற்குரிய எண்ணிக்கையை ஒன்று கூட்டித் தருகிறது.

ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவோர் ரெடிஸ் இணைப்பு நிரலகத்தின்மேல் சிறிய உறைநிரல் ஒன்றை அமைத்துக்கொள்வது வழக்கம். திறவுகோலுக்கு முன்னொட்டுச் சேர்த்தல், மதிப்பை ஜேசன் சரமாக்கி இடுதல், காலாவதி நேரம் குறித்தல் ஆகியவையே அதன் வேலைகள். (காலாவதி குறித்த மதிப்பை ‘செட்’ கட்டளையால் வெறுமனே மாற்றி எழுதினால் முன்னைய காலாவதி நீங்கிவிடும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.) உறைநிரல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நன்று என்பது பொதுவான கருத்து. தமிழைப் பொறுத்தவரை அதில் ஒரு வரி கூடுதலாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ரெடிஸ் எழுத்தை அறியாது, பைட்டுகளையே ஒப்பிடும். ‘கொடி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். முதல் முறையில் அச்சொல் 4 குறியெண்கள், இரண்டாவதில் 5. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டு ஆதலின் அவை முறையே 12, 15 பைட்டுகள். திரையில் வேறுபாடு தெரியாது. ரெடிஸுக்கோ அவை இரு வேறு திறவுகோல்கள். பலர் தட்டச்சுச் செய்த கோப்புகளை ஒன்றுசேர்க்கும்போது ஒரே சொல்லின் எண்ணிக்கை இரண்டாகப் பிரிந்துவிடும்; நிரலோ பிழைச்செய்தி எதுவும் காட்டாது. ஒருமுறை மட்டுமே பயின்ற சொற்களைப் பட்டியலிடும் ஆய்வாளர்க்கு இஃது எத்துணைப் பெரிய இடர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2015ஆம் ஆண்டின் ஜாவாஸ்கிரிப்ட் தரத்திலிருந்தே ‘நார்மலைஸ்’ என்னும் செயற்கூறு உள்ளது. உறைநிரலில் திறவுகோல் உருவாகும் ஒரே இடத்தில் இதனை ‘என்எஃப்சி’ வடிவத்துடன் அழைத்தால் இரு வடிவங்களும் ஒன்றாகும். மதிப்பாக இடப்பெறும் மூலபாடத்தை இவ்வாறு மாற்றுதல் கூடாது. கோப்பில் உள்ளவாறே அது சான்றாக நிற்க வேண்டும்.

இம்முறை தீர்க்காத சிக்கலும் ஒன்றுண்டு. ‘ஔவை’ என்பதை ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து ‘ஒளவை’ எனத் தட்டச்சுச் செய்வோர் பலர். ஒருங்குறி விதிப்படி இவை நிகரானவை அல்ல. எனவே என்எஃப்சி இவற்றை இணைக்காது. இயந்திர முறையில் அனைத்தையும் மாற்றினால் ‘ஒளி’ என்னும் சொல்லும் சிதையும். இத்திருத்தத்தை உறைநிரலிடம் ஒப்படைக்காமல், பதிப்பாசிரியர் சரிபார்த்த சொற்பட்டியலைக் கொண்டு தரவு உள்ளே வருமுன்பே செய்தல் வேண்டும்.