கமராவைத் திறப்பதற்கு முன்

இங்கே ஓர்ஹுஸ் நகரில் மாலை ஆறு மணி, வெளியே பனி கொட்டுகிறது. சிட்னியில் விடியப்புறம் நான்கு மணிக்கு எழும்பி உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கு முதலில் நன்றி.

டிஜிட்டல் ஊடகத் தயாரிப்பில் திட்டமிடலும் முன்தயாரிப்பும் என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். இலக்கியக் கூட்டத்துக்கு வறண்ட தலைப்புத்தான். ஆனால் இங்கே இருப்பவர்களில் பலருடைய கைப்பேசியில் அம்மாவின் குரலோ பெரியப்பாவின் குரலோ கிடக்கும். பதிவு செய்துவிட்டோம், என்றைக்காவது ஏதாவது செய்வோம் என்று வைத்திருப்போம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

2016இல் யூட்லாந்தின் சிறு நகரங்களில் பதினொரு முதியவர்களைப் பதிவு செய்தேன். ஹேர்னிங், கிறின்ஸ்டெட், பிராண்டே என்று வார இறுதிகளில் காரை எடுத்துக்கொண்டு போவேன். எண்பதுகளில் அகதிகளாக வந்து, மீன் தொழிற்சாலையிலும் இறைச்சித் தொழிற்சாலையிலும் வேலை செய்து ஓய்ந்தவர்கள். நாற்பது மணிநேரத்துக்கு மேல் குரல் சேர்ந்தது. அதிலிருந்து இன்றுவரை ஒரு நிமிடம்கூட வெளியே வரவில்லை. சம்பளத்துக்குச் செய்வதே இந்தத் தொழில். நிறுவனங்களுக்குக் காணொளியும் இணையத்தளமும் திட்டமிட்டுக் கொடுக்கிறேன். சொந்தச் சனத்தின் கதைக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதாமல் புறப்பட்டுவிட்டேன்.

அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? ஆருக்காகச் செய்கிறோம் என்பது முதலாவது. தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைக்கா, வரலாறு படிக்கும் டேனிஷ் மாணவருக்கா, உங்களுக்கா? மூன்றும் மூன்று வேறு பொருட்கள். பேரப்பிள்ளைக்கு என்றால் டேனிஷ் உபதலைப்பு வேண்டும். உபதலைப்பு வேண்டுமென்றால் முதலில் பேச்சை எழுத்தாக்க வேண்டும். வட்டார வழக்கில் பேசும் ஒரு மணிநேரத்தை எழுத எனக்கு ஆறு மணிநேரம் பிடிக்கிறது. நாற்பதை ஆறால் பெருக்கிப் பாருங்கள். இந்தக் கணக்கைப் புறப்படுமுன் போட்டிருந்தால் பதினொரு பேரை அல்ல, மூன்று பேரைப் பதிவு செய்து முடித்திருப்பேன்.

அடுத்தது, செய்யப்போவதைச் சின்னதாகச் செய்து காட்டுவது. டென்மார்க்கில் இதற்கு அழகான உதாரணம் ஒன்று உண்டு. ஆர்ன்ட் யென்சன் என்ற ஓவியர் கொப்பன்ஹேகனில் ஐஓ இன்டராக்டிவ் என்ற வீடியோ விளையாட்டு நிறுவனத்தில் வேலை செய்தவர். இருண்ட காட்டுக்குள் ஒரு சிறுவன் நடக்கும் விளையாட்டை மனதில் வைத்திருந்தார், ஆனால் நிரல் எழுத ஆளில்லை. 2006இல் அந்த உலகம் எப்படி இருக்கும் என்பதை மட்டும் காட்டும் குறுங்காணொளி ஒன்றைச் செய்து இணையத்தில் விட்டார். அதைப் பார்த்துத்தான் டீனோ பட்டி வந்து சேர்ந்தார். இருவரும் பிளேடெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 'லிம்போ' 2010 யூலையில் வெளிவந்தது. கறுப்பு வெள்ளை, பேச்சே இல்லை, நிழலாக ஒரு பொடியன். நான்கு வருட உழைப்பிலும் அந்தக் காணொளியின் தோற்றமும் மனநிலையும் மாறவில்லை. குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் பத்துப் பக்க விளக்கம் தேவையில்லை. அந்தக் காணொளியைக் காட்டினால் போதும்.

அதற்கு முன்பே, 1995இல், லார்ஸ் வொன் ட்ரியரும் தோமஸ் வின்டர்பேர்க்கும் டோக்மா 95 என்று பத்து விதிகளை எழுதினார்கள். செயற்கை வெளிச்சம் கூடாது, கமரா கையில்தான் இருக்க வேண்டும், ஒலியைப் படத்திலிருந்து பிரித்து உண்டாக்கக் கூடாது. பலர் இதை அழகியல் அறிக்கையாக வாசிக்கிறார்கள். நான் அதை முன்தயாரிப்பு ஆவணமாகத்தான் வாசிக்கிறேன்: எதைச் செய்யமாட்டோம் என்ற பட்டியல். 1998இல் வெளிவந்த வின்டர்பேர்க்கின் 'ஃபெஸ்டன்' உள்ளங்கைக்குள் அடங்கும் சோனி டிஜிட்டல் கமராவில் எடுக்கப்பட்டது. விதிப்படி படம் 35 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். திரையிடும் பிரதிதான் அப்படி இருக்க வேண்டும் என்று பொருள்கொண்டு தப்பித்தார்கள். (ஒரு காட்சியில் யன்னலை மறைத்துவிட்டேன் என்று வின்டர்பேர்க் பிறகு பாவமன்னிப்புக் கேட்டார்.)

இதெல்லாம் கலையும் கணக்கும். நான் உண்மையில் சொல்ல வந்தது மூன்றாவது விடயம், அனுமதி.

பதினொரு பேரில் ஒருவர், எழுபதைத் தாண்டிய ஐயா. 1985இல் தனியாக வந்தவர். மனைவியும் பிள்ளையும் சாவகச்சேரியில். குடும்பத்தை இணைக்க விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். 1987இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழர்களின் அத்தகைய விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் சொன்னார். சட்டப்படி அவர்களுக்கிருந்த உரிமை அது. விசாரணை அறிக்கை ஏறக்குறைய 6,000 பக்கங்கள் வந்தது. 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. டேனிஷ் அரசியல் நூல்களில் இது 'தமிழ் வழக்கு'. ஆனால் காத்திருந்தவர்களின் குரல் அந்த நூல்களில் மிகக் குறைவு. ஐயாவின் பதிவு ஏன் முக்கியமென்று இப்போது விளங்கும்.

இரண்டாவது மணிநேரத்தில், அந்த வருடங்களில் தனக்கும் மனைவிக்கும் இடையே என்ன நடந்தது என்று பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, "தம்பி, இதைப் போட்டிடாதை" என்றார். நான் தலையாட்டினேன். கருவி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு மணிநேரம் சந்தோசமாகக் கதைத்தார், கோப்பி தந்தார், வழியனுப்பினார். 'இதை' என்றால் எதை? அந்த வசனத்தையா, அந்தக் கதையையா, முழுப் பதிவையுமா? நான் கேட்கவில்லை, எழுதி வைக்கவுமில்லை. 2019இல் ஐயா காலமானார்.

இங்கே சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் இறந்தவர்களுக்குப் பொருந்தாது. ஆனால் டென்மார்க்கின் சட்டம் இறந்த பின்னும் பத்து வருடங்களுக்கு அந்தப் பாதுகாப்பை நீட்டுகிறது. கலை, இலக்கிய வெளிப்பாட்டுக்கு விலக்குகள் உண்டு, அதற்குள் ஒளிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. போட்டுவிட்டு, ஆட்சேபம் வந்தால் எடுத்துவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அதுவும் முழு உண்மையல்ல. 2005இலிருந்து டேனிஷ் இணையத்தளங்களைச் சட்டப்படி சேகரித்து வைக்கிறார்கள். நாங்கள் அழித்தாலும் ஆய்வாளர்களுக்கான அந்தக் காப்பகத்தில் அது இருக்கும்.

இப்போது என்னிடம் ஒரு படிவம் உண்டு, தமிழில், பெரிய எழுத்தில். பதிவுக்கு முன் ஒரு கையெழுத்து. முடிந்த பின் இருவரும் சேர்ந்து கேட்டு, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம்வரை வெளியே போகலாம், எது பிள்ளைகளுக்கு மட்டும், எது ஒருவருக்குமில்லை என்று குறித்து இன்னொரு கையெழுத்து. தான் இறந்த பிறகு யாரைக் கேட்க வேண்டும் என்பதற்கும் ஒரு வரி. முதியவர்கள் பயப்படுவார்கள் என்று நினைத்தேன். பயப்படவில்லை, முதல் தடவையாகத் தங்களிடம் ஒருவர் கேட்கிறார் என்பதுபோல் நிதானமாக நிரப்புகிறார்கள்.

ஐயாவின் மகளுக்குப் போன மாதம் தொலைபேசி எடுத்தேன். அப்பா ஏதோ சொல்ல வேண்டாமென்றார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அண்ணா, அம்மா இன்னும் இருக்கிறா. முதல்ல நான் கேக்கிறன்" என்றார். மாசியில் ஓர்ஹுஸுக்கு வருகிறார். இரண்டு காதுக்கருவிகள் வாங்கி வைத்திருக்கிறேன். அதுவரை வன்தட்டு மேசை லாச்சிக்குள் பூட்டியிருக்கும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.