தாய்ப்பலகையைத் தெரிதல்

உயர்திறன் கணினியொன்றைப் பொருத்தியமைக்க விழைவோர், செயலிக்குப் பெரும்பணம் செலவிட்டு, எஞ்சிய தொகையில் தாய்ப்பலகையை வாங்குவதுண்டு. செயலி பழுதுற்றால் அதனை மட்டும் மாற்றலாம். பலகை பழுதுற்றாலோ யாவற்றையும் கழற்றவேண்டிவரும்.

பலகையின் உயிர்நிலை, செயலியைச் சூழ்ந்துள்ள மின்னழுத்தச் சீராக்கியாகும். அது 12 வோல்ற் அழுத்தத்தை ஏறத்தாழ 1 வோல்ற்றாகக் குறைக்கின்றது. 200 வாற் நுகரும் செயலிக்கு அவ்வழுத்தத்தில் ஏறக்குறைய 200 அம்பியர் மின்னோட்டம் பாயவேண்டும். ஆதலின் அவ்விடத்தில் கனத்த வெப்பந்தணிப்பி உண்டா என்பதே முதலில் நோக்கத்தக்கது. வண்ண விளக்குகளால் பயனடைபவர் கடைக்காரரே.

அடுத்தது கொள்ளளவி. 2000ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளில், குறைபாடுடைய மின்பகுதிரவம் நிரம்பிய கொள்ளளவிகள் வீங்கிக் கசிந்தமையால், பல நாடுகளில் ஏராளமான பலகைகள் பாழாயின. வெப்பநிலை 10 பாகை உயர, திரவக் கொள்ளளவியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். சித்திரை வெயிலில் தகிக்கும் யாழ்ப்பாணத்து அறைக்குத் திண்மக் கொள்ளளவியே ஏற்றது.

பருத்தித்துறை, காங்கேசன்துறை முதலிய கரையோரங்களில் உப்புக்காற்று உலோகத் தொடுகைகளை அரிக்கும். கடல் நோக்கிய யன்னலருகே கணினியை வைத்தலாகாது. இடிமின்னலை எந்தப் பலகையும் தாங்காது. அதற்குச் செம்மையான புவித்தொடுப்பு வேண்டும். முழக்கங் கேட்டதும் செருகியைக் கழற்றிவிடுதல் அதனினும் நன்று.

சீட்டுக்கட்டிச் சேர்த்த பணத்தில் பிள்ளைக்குக் கணினி வாங்கும் பெற்றோர், பழுதான பலகை யாழ்ப்பாணத்திலேயே மாற்றித் தரப்படுமா, கொழும்புக்கு அனுப்பப்படுமா என்பதைப் பணங்கொடுக்குமுன் வினவி, பற்றுச்சீட்டில் எழுதுவித்துக்கொள்ளல் வேண்டும்.