ஊசுட்டேரி: இரண்டு அரசுகள், ஒரே நீர்மட்டம்

புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டில் மீன் கழுவவும் கீரைக்கட்டில் தெளிக்கவும் ஊற்றும் தண்ணீர் நிலத்தடியிலிருந்து வருவது. புதுச்சேரி நகரின் குடிநீரும் அதுதான். பிரெஞ்சுக்காரர் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவந்ததன் நினைவாகவே பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. அந்த நிலத்தடிக்கு நீர் ஊட்டும் பெரிய ஏரி, நகருக்கு மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவிலுள்ள ஊசுட்டேரி. கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிவரும் ஊருக்கு இப்படியொரு ஏரி எவ்வளவு அவசியம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்புள்ள இதில் கிட்டத்தட்டப் பாதி புதுச்சேரியில், மீதி விழுப்புரம் மாவட்டத்தில். தன் பங்கைப் புதுச்சேரி 2008இலும் தமிழகம் 2015இலும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன.

இரு பக்கமும் சரணாலயமான பிறகு இன்னும் என்ன குறை என்று கேட்கலாம். சரணாலயம் காப்பது கரைக்கு உள்ளே இருப்பதை. ஏரிக்கு வரும் நீரோ வெளியிலிருந்து வருகிறது. செஞ்சிப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் சங்கராபரணி ஆறு, தமிழகத்தின் வீடூர் அணையைக் கடந்து வருகிறது. அதன் நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஏரிக்குள் சேர்கிறது. அணையின் மதகு ஒரு துறையிடம், வாய்க்கால் இன்னொரு துறையிடம், பறவைகள் வனத்துறையிடம். வாய்க்கால் தூர்ந்தாலோ, ஆற்றில் கழிவுநீர் கலந்தாலோ, எந்தச் சரணாலய அறிவிக்கையும் உதவாது. ஈரநிலச் சட்டம் இருக்கிறதே என்றால், 2017ஆம் ஆண்டு விதிகள் பாசனத்துக்கென்று வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலேயே சேர்க்கவில்லை. ஊசுட்டேரி உட்படத் தமிழ்நாட்டின் ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்கென்று வெட்டியவைதாமே! மாநில எல்லை தாண்டிய ஈரநிலங்களுக்கு மத்திய அரசு ஒருங்கிணைப்பு செய்ய அதே விதிகளில் இடமிருந்தும், வரையறையே வாசலில் தடுக்கிறது.

எனவே இரு அரசுகளும் சேர்ந்து ஏரியை நிர்வகிப்பதே வழி. கூட்டு நிர்வாகம் என்றதும் இன்னொரு காவிரியா என்ற அச்சம் எழுவது இயல்பு. ஆனால் காவிரியில் மேலே இருப்பவர் அணையில் தேக்கிக்கொள்ள முடியும். ஊசுட்டேரியில் ஒரு பாதியை மட்டும் நிரப்ப யாராலும் முடியாது. ஒருவர் நட்டம் மற்றவருக்கு லாபமாகாது. பறவைக்காகத் தண்ணீரை நிறுத்தினால் பயிர் என்னாவது என்பது ஆயக்கட்டு விவசாயிகளின் கேள்வி, நியாயமானதுதான். ஆனால் பாசனத்துக்கு நீர் மெல்ல இறங்கும்போது வெளிப்படும் சேற்றில்தான் உள்ளான்கள் இரை தேடுகின்றன. ஆகவே எப்போது எவ்வளவு இறக்குவது என்பதே பேச வேண்டியது. இப்படிப் பேசிச் சேர்ந்து நடத்தியவர்கள் உண்டு. ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றைப் பகிரும் செனகல், மாலி, மொரிட்டானியா ஆகிய மூன்று நாடுகள் 1972இல் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கி, அணைகளையே பொதுச்சொத்தாக்கின. அவற்றுள் ஒன்றான டியாமா அணையைக் கட்டிய பின் நன்னீரில் சம்பு மண்டி ஈரநிலங்கள் கெட்டதும் உண்மை. பிறகு மொரிட்டானியாவின் டியாவ்லிங் தேசியப் பூங்காவில், மதகுகளைத் திறந்து செயற்கையாக வெள்ளம் விட்டுச் சதுப்பை மீட்டார்கள்.

நாம் அணைகளைப் பொதுவாக்க வேண்டியதில்லை. வீடூரில் திறக்கும் நீர், வாய்க்காலில் வந்தது, ஏரியின் மட்டம் ஆகியவற்றை இரு அரசின் பொறியாளர்களும் ஒரே பதிவேட்டில் எழுதி, ஆயக்கட்டு விவசாயிகளும் மீனவர்களும் பார்க்கும்படி வைக்கட்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைத் தொடங்க ஓர் அரசாணை போதும்.